மஞ்சள் கொடிக்குக் கீழே

கயிற்றை மூன்றாவது தடவை இழுத்தபோதுதான் கொடி ஏறியது. அதுவரை கம்பியில் எங்கோ சிக்கிக்கொண்டு, வரமாட்டேன் போ என்று அடம்பிடித்தது. படகின் கீழறைக்குள் படுத்திருந்த கணவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு. நீங்க பேசாம படுங்க."

"முடிச்சு சரியா போட்டியா? காத்துல அவுந்துச்சுன்னா திருட்டுப் படகுன்னு நினைச்சுக்குவாங்க."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிற மனுஷனுக்கு முடிச்சைப் பற்றி என்ன கவலை என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

அது மஞ்சள் துணியில் கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய கொடி. வேறு நாட்டிலிருந்து வருகிற படகு எதுவானாலும், துறைமுகத்துக்குள் நங்கூரம் போட்டதும் இதை ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதலில் துறைமுக டாக்டர் வருவார். படகில் நோய்நொடி எதுவும் இல்லை என்று அவர் கையெழுத்துப் போட்ட பிறகு பாஸ்போர்ட் அதிகாரி வந்து முத்திரை குத்துவார். முத்திரை விழும் வரை படகில் இருப்பவர்களின் கால் கரையில் படக்கூடாது. கரையோ கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஒரு ஆள் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தது தெரிந்தது. மாடி ஒன்றில் யாரோ போர்வையை உதறினார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது ரொட்டி வேகும் வாசனை வந்து, பத்தொன்பது நாள் கடலையே பார்த்துக் கிடந்தவளைக் கரைப்பக்கம் எட்டிப் பார்க்க வைத்தது.

அவருக்கு அறுபத்து மூன்று வயது, அவளுக்கு ஐம்பத்தொன்பது. அவர் லிஃப்ட் மெக்கானிக். கட்டடம் கட்டடமாக ஏறி, லிஃப்ட் ஓடும் குழிக்குள் தொங்கிக்கொண்டு, கையெல்லாம் கிரீஸாக வீடு திரும்பிய மனிதர். ஓய்வு பெற்ற அன்று சாப்பிட உட்கார்ந்தவர், "முப்பத்தி நாலு வருஷம் மேலயும் கீழயும் போயாச்சு. இனிமே கொஞ்சம் நேரா போய்ப் பாக்கலாம்" என்றார். வேடிக்கையாகத்தான் சொல்கிறார் என்று அவள் ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தாள். எட்டாவது நாள் ஒரு பழைய பாய்மரப் படகின் படத்தோடு வந்து நின்றார். முப்பத்திரண்டு அடி நீளம், இரண்டு படுக்கை, கிழிந்த பாய்.

சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். மகள் ஒரு மாதம் அப்பாவோடு பேசவில்லை. அவள் மட்டும் அந்தப் பாயின் கிழிசலைப் படத்தில் உற்றுப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்கப் பள்ளிச் சீருடை தைத்தவள் அவள். அதே அரைக்கால் சட்டை, அதே நீலப் பாவாடை, வருஷா வருஷம். இதுவும் துணிதானே, தைத்தால் போயிற்று என்று நினைத்தாள். அப்படித்தான் கிளம்பினார்கள். இரண்டு வருஷத்தில் பதினோரு துறைமுகம் பார்த்தாயிற்று. இது பன்னிரண்டாவது.

படகில் அவர்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை இருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததல்ல, தானாக அமைந்துவிட்டது. கடல் இருவருக்கும் பொது. நாலு மணி நேரம் அவர், நாலு மணி நேரம் அவள். யார் கையில் சுக்கான் இருக்கிறதோ அவர் வைத்ததுதான் சட்டம். போன வருஷம் பெருங்காற்று அடித்தபோது, பெரிய பாயை இறக்குங்க என்று அவள் ஒரு அதட்டல் போட்டாள். மனிதர் மறுபேச்சுப் பேசாமல் நனைந்துகொண்டே போய் இறக்கினார். கரை முழுக்க அவளுடையது. முத்திரை விழுந்ததும் முதலில் இறங்குவது அவள்தான். நங்கூரம் நிற்குமா நழுவுமா என்று முதல் நாள் அவருக்கு நம்பிக்கை வராது, படகிலேயே உட்கார்ந்திருப்பார். அவள் இரண்டு மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு வந்து, எந்தத் தெரு எங்கே திரும்புகிறது, கடைக்காரி எப்படி முறைக்கிறாள், எந்த வீட்டு நாய் துரத்துகிறது என்று ஒன்று விடாமல் சொல்வாள். மறுநாள் அவளோடு இறங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? நீ சொன்ன ஊருதான் நல்லா இருந்துச்சு" என்பார்.

கடலுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கிற காகிதமெல்லாம் அவருடையது. கொடி, படிவம், அதிகாரிகளோடு பேசுவது எல்லாமே அவர் பாடு. அதில் அவள் மூக்கை நுழைப்பதில்லை.

வலி வந்தது முந்தாநாள் காலை. பாயின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. என்ன என்று கேட்டதற்கு வாய்வு என்றார். தாடையில் குத்துகிறது என்றார், அதற்கும் வாய்வுதான் காரணம் என்றார். வெந்நீர் கேட்டார், மாத்திரை கேட்டார், அரை மணி நேரம் கழித்து எழுந்து நின்று, பாத்தியா போயிடுச்சு என்றார். சாயங்காலம் மறுபடியும் வந்தது. பயணக் குறிப்பேட்டில் அன்றன்றைய காற்றையும் திசையையும் எழுதும் இடத்தில் அதையும் எழுதப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டார். அதிகாரிகள் அதைப் புரட்டிப் பார்ப்பார்கள், இதெல்லாம் அங்கே ஏற வேண்டாம் என்றார்.

அதற்குக் காரணம் மொட்டை என்று எல்லாரும் கூப்பிட்ட ஒரு ஆள். முந்தின துறைமுகத்தில் பக்கத்துப் படகில் ஒண்டியாக இருந்த மாலுமி. தலையில் ஒரு முடி கிடையாது, பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதும் கிடையாது. நேர்மையான ஆள். வந்து சேர்ந்த அன்று சுகாதாரப் படிவத்தில், வழியில் இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது என்று உள்ளதை எழுதிவிட்டார். அவ்வளவுதான். பன்னிரண்டு நாள் அவரைப் படகை விட்டு இறங்க விடவில்லை. கரையிலிருந்து கூடையில் சாப்பாடு வந்தது. தினமும் தளத்தில் நின்றுகொண்டு, போகிற வருகிற படகையெல்லாம் பார்த்துக் கத்துவார். அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் இவர்களும் உண்டு.

அதே மாதிரிப் படிவம்தான் இப்போது மேஜைமேல் இருந்தது. கடந்த பதினான்கு நாட்களில் படகில் யாருக்காவது உடல்நலக் குறைவு உண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். கீழே இரண்டு கையெழுத்து, கேப்டனுடையது ஒன்று, கூட வந்தவருடையது ஒன்று. அவர் எழுந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"ஆமான்னு போடுங்க" என்றாள் அவள். "வர்றவர் டாக்டர்தானே. பாக்கட்டுமே."

"பாக்க மாட்டாரு. பூட்டுவாரு."

"நெஞ்சு வலிக்குத் தொத்து ஏது? அதுக்கெல்லாம் பூட்ட மாட்டாங்க."

"அவருக்குக் கட்டந்தான் தெரியும். நெஞ்சா வயிறான்னு எவன் பாக்கறான்." பேச்சுக்கு நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்கினார். "முத்திரை விழட்டும். இறங்கின காலோட நேரா ஆஸ்பத்திரிதான். நீயே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ. இன்னும் ரெண்டு மணி நேரம், அவ்வளவுதானே?"

அவள் படிவத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"பன்னெண்டு நாள் கரையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பியா நீ? ரொட்டி வாசனைக்கே உனக்குக் கால் நிக்கல. எனக்குத் தெரியாதா உன்னை."

அவர் சொன்னது உண்மை. மனிதரின் முகம் சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். அதே நேரத்தில் அந்த மாடிப் போர்வைக்குப் பின்னால் என்ன தெரு இருக்கும், எங்கே திரும்பும் என்று மனசு அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. காகிதம் அவர் பாகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர் 'இல்லை' கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை அவளிடம் நீட்டினார். அவளும் போட்டாள்.

ஒன்றேகால் மணிக்கு டாக்டர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். குட்டை, தொந்தி, கறுப்புப் பை. துறைமுக மோட்டார் படகிலிருந்து இங்கே ஏறுவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. உள்ளே வந்து மேஜைக்கு எதிரே உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். பாவம், அவருக்குப் படகு ஆடினால் ஆகாது. பதினாறு வருஷமாக இதே வேலை, பதினாறு வருஷமாக இதே குமட்டல் என்று அவரே சொன்னார். தரையில் வேலை கேட்டு எழுதிய கடிதங்களைச் சேர்த்தால் ஒரு பாய் தைக்கலாம் என்றார்.

அவளுடைய கணவர் சிரித்தார். சட்டை மாற்றி, தலை வாரி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சிரிக்கும்போது இடது கை மேஜைக்குக் கீழே முழங்காலை இறுக்கிக்கொண்டிருந்ததை அவள் அடுப்பு ஓரத்தில் நின்று பார்த்தாள். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் இதே குமட்டல்தான் வரும், கண்ணை மூடாமல் தூரத்தில் ஏதாவது ஒன்றையே பாருங்கள் என்று டாக்டருக்கு அவர் வைத்தியம் சொன்னார். டாக்டர் வட்டச் சன்னல் வழியாக அந்த லாரியைப் பார்த்தார். அவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. எதிரே இருந்தவருக்கும் அப்படித்தான்.

"உங்களுக்கும் வேர்க்குதே" என்றார் டாக்டர்.

"உள்ள ஒரே புழுக்கம்."

"ஆமா, ஆமா."

அவள் டீயை வைத்தாள். டாக்டரின் பை திறந்து கிடந்தது. மடித்த துண்டு, ஒரு கட்டுப் படிவம், அவற்றுக்கு மேலே சுருண்டு கிடந்த ஸ்டெதஸ்கோப். கை நீட்டினால் எடுத்துவிடலாம். டாக்டர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். அவள் பக்கம் திரும்பி, எல்லாரும் சௌக்கியம்தானேம்மா என்று கேட்டார். கணவர் அவளைப் பார்க்கவில்லை, டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து ஆமா என்றுகூடச் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினாள். டாக்டர் அரை மணி நேரம் இருந்தார். டீயைக் குடித்து முடித்ததும் கொஞ்சம் தெம்பு வந்து, கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட் அம்மா மூன்று மணிக்கு வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டு, தப்பித்தோம் என்று கிளம்பிப் போனார்.

மோட்டார் சத்தம் தேய்ந்ததும் அவர் அப்படியே படுக்கையில் சரிந்தார்.

"பாத்தியா?" என்றார். ஜெயித்த குரல்தான், ஆனால் காற்றுப் போன குரல். "இன்னும் ஒரு மணி நேரம்."

சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டாள். விசிறினாள். அவர் கையை ஆட்டி, நீ மேலே போ, இங்கே நின்று மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருக்காதே என்றார். அவள் ஏணியில் ஏறி, பாதி உடம்பு வெளியிலும் பாதி உள்ளேயுமாக நின்றாள்.

"என்ன தெரியுது, சொல்லு" என்றார் கீழேயிருந்து.

இறங்கிப் பார்க்காமல் அவள் எந்த ஊரையும் சொன்னதில்லை. ஆனாலும் சொன்னாள். லாரி கழுவுகிறவன் இப்போது சக்கரத்துக்கு வந்துவிட்டான் என்றாள். போர்வை உதறிய மாடியில் ஒரு பொம்பளை தலை துவட்டிக்கொண்டு நிற்கிறாள், கீழே யாரோடோ சண்டை போடுகிறாள் போலிருக்கிறது என்றாள். மீன் ஏற்றுகிற இடத்தில் நாலு பேர் ஒரு பெட்டியைத் தூக்க முடியாமல் வைத்துவிட்டு ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள் என்றாள். ஐந்தாவது ஆள் வந்து ஒரே ஆளாகத் தள்ளிக்கொண்டு போகிறான் என்றபோது கீழேயிருந்து சிரிப்பு வரவில்லை. அசதியில் கண்ணை மூடியிருப்பார் என்று நினைத்தாள். பெரிய மணிக்கூண்டு ஒன்று இருக்கிறது, மணி தப்பு என்றாள். அதற்கு அந்தப் பக்கம் தெரு மேடாக ஏறுகிறது, உங்களுக்கு மூச்சு வாங்கும், மெதுவாகத்தான் போக வேண்டும் என்றாள்.

அதற்கும் பதில் இல்லாதபோதுதான் குனிந்து பார்த்தாள்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணும் கொஞ்சம் திறந்திருந்தது. அவள் இறங்கினாள் என்று சொல்ல முடியாது, விழுந்தாள். முழங்கால் சிராய்த்ததுகூட அப்புறம்தான் தெரிந்தது. என்னங்க, என்னங்க என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். நெஞ்சை அழுத்த வேண்டும் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்து, இரண்டு கையையும் சேர்த்து வைத்து அழுத்தினாள். எண்ணினாள், எண்ணிக்கை விட்டுப்போயிற்று, முதலிலிருந்து எண்ணினாள். நடுவில் ரேடியோவை எடுத்து, டாக்டர் வேணும், டாக்டர் வேணும் என்று கத்தினாள். எந்தப் படகு என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். "மஞ்சக் கொடி போட்ட படகு" என்றாள். இரண்டு வருஷம் குடியிருந்த படகின் பேர் அவளுக்கு அப்போது வரவில்லை.

மூன்று மணிக்கு வர வேண்டிய பாஸ்போர்ட் அதிகாரியும் டாக்டரும் ஒரே மோட்டார் படகில் மூன்றடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தார்கள். டாக்டர் இந்தத் தடவை பலகையைப் பிடித்துக்கொள்ளவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அவர் நெஞ்சில் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். அதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

அதிகாரி அம்மாள் தளத்துக்குப் போய் நின்றுகொண்டாள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, நிமிராமலே கேட்டார்.

"எப்போ ஆரம்பிச்சது?"

"முந்தாநாள் காலையில."

படகு மெதுவாக ஆடியது. அவர் தன் பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்தார். இரண்டு கையெழுத்தையும் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது பயம். அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்து ஒருவனுடைய வேர்வையைப் பார்த்துவிட்டுப் புழுக்கம் என்று கையெழுத்துப் போட்டவர் அவர்.

"நான் போன பிறகுதான் வலி வந்துச்சுன்னு எழுதிடறேன்மா" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "உங்களுக்கும் சிக்கல் இல்ல. எனக்கும் இல்ல. போனவருக்கும் அதுதான் மரியாதை."

அவர் எழுதினார். அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அதிகாரி அம்மாள் நல்லவள். இவளுடைய பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினாள். கணவருடையதைப் பிரித்தாள், முத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள், மூடினாள். உள்ளே வருகிறவர்களுக்குத்தான் இதைக் குத்தலாம், இவருக்கு வேறு காகிதம் என்று சொன்னாள். சொல்வதற்கு அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அந்த வேறு காகிதத்துக்கு அவருடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கம் மூன்று நகல் வேண்டும். அலுவலகத்து மெஷின் போன வாரமே படுத்துவிட்டது, கடைத்தெருவில்தான் எடுக்க வேண்டும். ஐந்து மணிக்குள் கொண்டுவந்தால் இன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் வைக்கலாம், இல்லாவிட்டால் காலை வரை துறைமுகக் கொட்டகைதான். நான் வேண்டுமானால் ஆள் அனுப்பட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம், நானே போகிறேன் என்றாள் இவள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கரையில் அலைவது அவள் வேலை, அவ்வளவுதான்.

அவரை நீலத் தார்ப்பாயில் சுற்றி மோட்டார் படகில் இறக்கினார்கள். கொட்டகையில் மீன் பெட்டிகளை நகர்த்தி இடம் பண்ணினார்கள். துறைமுக அலுவலகத்து வாசலில் நின்று மகளுக்குப் போன் செய்தாள். மகள் வேறு ஊரில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள், முப்பத்து மூன்று வயது, இன்னமும் அவர்களுக்குப் பாப்பாதான். பாப்பா, அப்பா போயிட்டாரு என்று மட்டும் சொல்ல முடிந்தது. அதற்குள் உள்ளேயிருந்து கையெழுத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், வைத்துவிட்டாள்.

நாலு மணிக்கு அவள் ஊருக்குள் நடந்தாள். பத்தொன்பது நாள் ஆடிய கால் தரையில் நிற்க மறுத்தது. தெரு அவளைச் சாய்த்தது. சுவரைத் தொட்டுத் தொட்டுப் போனாள். பார்த்தவர்கள் குடித்திருக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். மணிக்கூண்டின் கடிகாரம் அவள் படகிலிருந்து பார்த்ததைவிட இன்னும் மோசம், இரண்டு முள்ளும் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன. அதைத் தாண்டினால் மேடு. மேட்டில் ஒரு செருப்புக் கடைக்காரன் வாடிக்கையாளன் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தான், வாடிக்கையாளன் அவனை எழுப்பாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். இதை அவரிடம் சொன்னால் நம்பமாட்டார், நீ கட்டி விடுகிறாய் என்பார் என்று நினைத்தாள். அடுத்த அடி வைத்தபோதுதான் உறைத்தது. தெரு நடுவில் நின்றுவிட்டாள். ஒரு சைக்கிள்காரர் மணியடித்துவிட்டு ஒதுங்கிப் போனார்.

அழுகை வரவில்லை. வந்தது ஆத்திரம், அவர்மேல் கொஞ்சம், டாக்டர்மேல் கொஞ்சம், மிச்சமெல்லாம் தன்மேல். சுக்கான் கையில் இருந்தால் அதட்டத் தெரிந்தவளுக்கு ஒரு டீ டம்ளரை வைத்துவிட்டு, டாக்டர், இவர் நெஞ்சைப் பாருங்க என்று சொல்ல வாய் இல்லாமல் போயிற்றே என்று நினைத்து நினைத்து நடந்தாள். டாக்டரின் அந்தப் பை மூடியிருந்தாலாவது மனசு ஆறும்.

நகல் எடுக்கும் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. முன்னால் இரண்டு பேர் நின்றார்கள், ஒருவர் கையில் வீட்டுப் பத்திரம் ஒரு கட்டு. கடைக்காரர் வயதானவர், ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வைத்தார். அவள் முறை வந்து பாஸ்போர்ட்டை நீட்டி, முதல் பக்கம், மூணு என்று சொன்னபோது போன் அடித்தது. மகள்.

மகள் அழுதாள், மூக்கை உறிஞ்சினாள், நாளை மத்தியான விமானம் கிடைத்திருக்கிறது என்றாள். அம்மா நீ சாப்பிட்டியா என்று கேட்டாள். எப்படி நடந்தது என்று கேட்டாள். இவள் எதுவும் சொல்வதற்குள் அவளே அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டாள். மாரடைப்புதானே, அப்பாவுக்கு உடம்பைக் காட்டிக்கொள்கிற பழக்கமே கிடையாதே, எல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்றாள். இரண்டு வருஷமாக இந்தப் பயணத்தைத் திட்டிக்கொண்டே இருந்தவள் இன்றைக்கு ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நீ உன்னையே போட்டுக் குடைஞ்சுக்காதேம்மா" என்றாள் மகள். "பக்கத்துல ஒரு டாக்டர் இருந்திருந்தா வேற கதை. தண்ணி நடுவுல, நீ ஒருத்தியா, என்னம்மா பண்ணியிருக்க முடியும்?"

ஆமா என்று சொன்னால் போதும். வலி வந்தபோது பக்கத்தில் டாக்டர் இல்லை என்றுதான் காகிதத்தில் எழுதியிருக்கிறது. நாளைக்கு மகள் வந்து பார்க்கப்போவதும் அந்தக் காகிதத்தைத்தான். டாக்டர் சொல்லப்போவதில்லை, போனவர் சொல்லப்போவதில்லை. ஆமா பாப்பா என்றால் மகள் அவளைக் கட்டிக்கொண்டு அழுவாள், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவாள், தட்டில் சோறு போட்டு வைத்துச் சாப்பிடு என்பாள். கடைசி வரைக்கும் அப்படியே ஓடிவிடும். அவள் வாய் அந்த வார்த்தைக்குத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்கு ஏற்கெனவே ஒரு தடவை அவள் பேசாமல் இருந்தாயிற்று.

"டாக்டர் வந்தாரு" என்றாள்.

"என்னது?"

"அப்பா இருக்கும்போதே வந்தாரு. எதிர்ல உக்காந்து டீ குடிச்சாரு. அரை மணி நேரம் இருந்தாரு. அப்பாவுக்கு முந்தாநாள்லயிருந்து வலி, பாப்பா. எல்லாரும் சௌக்கியமான்னு என்னைத்தான் கேட்டாரு. நான் தலையாட்டுனேன்."

மெஷினுக்குள் வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய் வந்தது.

"ஏம்மா?" என்றாள் மகள்.

அப்பாதான் சொல்லக் கூடாதுன்னாரு என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை.

"ஊருக்குள்ள போகணும்னு இருந்துச்சு" என்றாள்.

மகள் போனை வைக்கவில்லை. மூச்சு மட்டும் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அவளும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கடைக்காரர் பாஸ்போர்ட்டை மூடி, அதன்மேல் மூன்று தாள்களையும் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"முகம் சரியா விழுந்திருக்கான்னு பாத்துக்குங்கம்மா."

ஒற்றைக் கையால் எடுத்தாள். தாள் இன்னும் சூடாக இருந்தது.